பாலும் சளியும் ஒரு கல்யாணக் கனைப்பும்

வார நாட்களில் கோலாலம்பூருக்கு வெளியே தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். வார இறுதி வந்துவிட்டால் கோட்டு மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பேன். "இதோ, மணமகள் மேடைக்கு வருகிறார்" என்று நான் குரலை ஏற்றிச் சொன்னால், பிரியாணியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். குரலில் குறையே இல்லை. தொண்டைதான் வம்பு. எந்நேரமும் எதுவோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். கனைத்தால் விலகும், உடனே திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் அது என் மானத்தை வாங்கியது. தாலித் தட்டு சபையில் சுற்றிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட, ஐயர் மந்திரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். மைக் அணைந்திருக்கிறது என்று நினைத்து நான் நிம்மதியாக, அடிவயிற்றிலிருந்து, ஒரு கனைப்புக் கனைத்தேன். மைக் அணைந்திருக்கவில்லை. மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கர்களும் சேர்ந்து கனைத்தன.

அரைத் தூக்கத்தில் இருந்த தவில்காரர் அதை ஐயரின் உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். கெட்டிமேளம் இடி போல இறங்கியது. நாதஸ்வரமும் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. எல்லாரும் எழுந்து நின்று அட்சதையை வீசினார்கள். மாப்பிள்ளை பதறிப்போய் வெறும் கையைப் பெண்ணின் கழுத்துவரை கொண்டுபோய்விட்டார்! தாலியோ நடு வரிசையில் ஒரு ஆன்டியின் மடியில் இருந்தது. தலைகுனிந்து காத்திருந்த மணப்பெண் நிமிர்ந்து பார்த்தாள், அட்சதை அப்பிய ஐயரின் முகத்தைக் கண்டாள், முதலில் சிரித்தது அவள்தான். பிறகு மண்டபமே சிரித்தது. ஆன்டி தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடைக்கு ஓடிவந்தார். கெட்டிமேளம் இன்னொரு முறை கொட்டியது. அப்படி ஒரு சந்தோஷமான கல்யாணத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருந்தாலும் மேடையோரத்தில் ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லையே என்று தவித்தேன்.

நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்புவதற்குள் யாரோ எடுத்த கனைப்பு வீடியோ சுங்கை பூலோவில் இருக்கும் என் அக்காவின் கைப்பேசிக்குப் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன நோவு வந்தாலும் முதல் தீர்ப்பு அக்காவுடையதுதான்.

"தம்பி, எல்லாம் அந்தப் பாலுதான் லா," என்றாள் போனை எடுத்ததும். "காலையில பாலு ஊத்தி ஆத்துன தே தாரிக், மத்தியானம் தயிரு, சாயந்திரம் திரும்பவும் தே தாரிக். சளி கட்டாம என்ன செய்யும்? இன்னையோட நிப்பாட்டு. தயிரு, மோரு, ஐஸ்கிரீம் ஒண்ணும் கூடாது. நான் வந்து செக் பண்ணுவேன்."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் திருச்சிக்காரி. கணினி வேலைக்காகக் கோலாலம்பூர் வந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். தயிர் இல்லாமல் முடிகிற சாப்பாடு அவள் கணக்கில் சாப்பாடே இல்லை. தூங்கப் போகுமுன் ஒரு பெரிய டம்ளர் பாலும் குடிப்பாள்.

"ஏங்க, நிஜமாவே நிறுத்தப் போறீங்களா?"

"நிறுத்தித்தான் பாப்போமே."

அவள் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி. நீங்க பக்கத்துல உக்காந்து ஏக்கமா பாத்தா எனக்குத் தயிர் இறங்காது. நானும் நிறுத்திடறேன்," என்றாள். என்மேல் இத்தனை பிரியமா என்று பூரித்துப்போனேன்.

வீட்டிலிருந்த பாலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம். வழக்கமான கடையில் நான் "பாஸ், தே ஓ" என்று பாலில்லாத தேநீர் கேட்டதும் கடைக்காரர், "ஏன்ணே, உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். சாம்பார் சாதம், ரசம் சாதம், அப்புறம் ஒரு வெறுமை. மனைவி கடைசிச் சோற்றில் ரசத்தையே திரும்ப ஊற்றிக்கொண்டு பெருமூச்சு விடுவாள்.

வாரங்கள் போயின. என் தொண்டை அப்படியே இருந்தது. காலையில் கனைப்பு, லிஃப்டில் கனைப்பு, தொழிற்சாலைக் கூட்டத்தில் கனைப்பு. ஆனால் வீட்டில் வேறொரு அதிசயம் நடந்துகொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் சோபாவில் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள். "ஏங்க, கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கலயே."

"அதான்! ஒண்ணுமே கேக்கல!"

அவள் தன் வயிற்றைச் சொன்னாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்தே அவளுக்கு வயிறு உப்பும், பிசையும், மேட்டில் ஏறுகிற லோரி மாதிரி உறுமும். தண்ணீர் மாறியதால் என்று நினைத்துக்கொண்டிருந்தாள், என்னைக் கட்டியதால் என்றும் ஓரிரு முறை சொல்லியிருக்கிறாள். இப்போது லோரி நின்றுவிட்டது. இடுப்பில் இறுகியிருந்த ஜீன்ஸ் தளர்ந்திருந்தது. அவள் எழுந்து அறையைச் சுற்றி ஆடினாள். நானும் கூட ஆடி, நடுவில் நின்று கனைத்தேன். இருவரும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். என் வியாதிக்குப் பத்தியம் இருந்தோம், குணமானது அவளுக்கு!

மறுநாள் இருவருமாக வீட்டருகில் இருந்த கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் எங்கள் வயதுப் பெண். நாங்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து முழுக் கதையையும் சொல்ல, அவர் கெட்டிமேளம் வந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பால் சளிய உண்டாக்காது சார்," என்றார் சிரித்து முடித்து. "எச்சிலோட கலக்கும்போது கொஞ்சம் கொழகொழன்னு ஆகும். அது தொண்டையில தங்கறத நாம சளின்னு நெனச்சுக்கறோம். அவ்வளவுதான்." என் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "உள்ள நல்லா வீங்கியிருக்கு. இது தூசி அலர்ஜி. மூக்குல ஒழுகறது பின்பக்கமா தொண்டைக்கு இறங்குது. வீட்டுல கார்ப்பெட் இருக்கா?"

மனைவி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் படுக்கையறையில் கணுக்கால் புதைகிற ஒரு கம்பளம் இருந்தது. கல்யாணத்துக்கு அக்கா கொடுத்தது.

பிறகு மனைவியிடம் திரும்பினார். "உங்க கதை வேற. பால்ல இருக்கற சர்க்கரைய ஜீரணிக்கறது வயசாக ஆக நெறைய பேருக்குக் குறைஞ்சிடும். அது குடல்ல புளிச்சு காத்தா மாறும். தயிர்ல அந்தச் சர்க்கரை கம்மி. கொஞ்சமா ஆரம்பிச்சுப் பாருங்க, ஒத்துக்கலாம்."

தயிர் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள்.

மூக்குக்கு ஸ்ப்ரே கிடைத்தது. இனி அக்காவிடம் யார் சொல்வது? டாக்டர் சொன்னார் என்றால் "டாக்டருக்கு என்னா தெரியும்?" என்பாள். மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை அக்காவைச் சாப்பிடக் கூப்பிட்டோம். ரோஸ் சிரப்பும் பாலும் ஐஸும் போட்ட பண்டுங் என்றால் அக்காவுக்கு உயிர். சளிக்குப் பயந்து பல வருடங்களாகத் தொடாமல் இருந்தாள். மனைவி இரண்டு கிளாஸ் பண்டுங் கலந்தாள். ஒன்றில் பால், இன்னொன்றில் சோயா. சோயா வாடை தெரியாமலிருக்க இரண்டிலும் ஏலக்காயை அள்ளிப் போட்டாள்.

"இது பாலு, இது சோயா," என்று மாற்றிச் சொல்லி வைத்தாள்.

அக்கா முதலில் 'சோயா'வைக் குடித்தாள். "ம்ம், இது ஒண்ணும் செய்யல. நல்லா இருக்கு." கிளாஸ் காலி. பிறகு 'பால்' கிளாஸைச் சந்தேகத்தோடு எடுத்து இரண்டு வாய் குடித்தாள். உடனே தொண்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு கனைப்பு. அசல் என் கனைப்பு!

"பாத்தியா? கட்டிக்கிச்சு பாத்தியா? நான் சொன்னேன்ல!"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள். பாத்திரங்கள் உருள்கிற சத்தமும் அவள் சிரிப்பும் கலந்து வந்தன. கிளாஸ் மாறிய உண்மையை நான்தான் சொன்னேன். அக்கா இரண்டு கிளாஸையும் மோந்து பார்த்தாள், என்னை முறைத்தாள். அவள் கோபம் வாயோரத்தில் நடுங்கியது, பிறகு உடைந்தது. கண்ணில் நீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"இத்தனை வருஷம் சும்மாவே பண்டுங் குடிக்காம இருந்துட்டேனே!" என்றாள். "கொண்டா, இன்னொரு கிளாஸ். பாலே ஊத்து."

அந்த உற்சாகத்திலேயே கம்பள விஷயத்தையும் சொல்லிவிட்டேன். "அது மலிவு விலையில வந்ததுதான் லா," என்று அவளே ஒத்துக்கொண்டாள். மூவருமாக அதைச் சுருட்டினோம். எழுந்த தூசியில் மூவருமே தும்மினோம்.

கம்பளம் போய், ஸ்ப்ரே அடிக்க அடிக்க, என் தொண்டை மெல்ல மெல்ல வழிக்கு வந்தது. ஒரு காலையில் பல் தேய்த்து முடித்த பிறகுதான் கனைக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது. கண்ணாடியைப் பார்த்து, "இதோ, மணமகள் மேடைக்கு வருகிறார்" என்று முழுக் குரலில் அறிவித்தேன். வெளியிலிருந்து மனைவி, "ஆபீசுக்கு நேரமாச்சு, மணமகள் கிளம்பறாங்க!" என்று கத்தினாள்.

அன்று ராத்திரி வேலை முடிந்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். அவள் கடைசிச் சோற்றில் ஒரு கரண்டி தயிர் ஊற்றிக்கொண்டாள். பிசைந்தாள், சாப்பிட்டாள், கண்ணை மூடிக்கொண்டாள். பாயசம் வந்தது, பில் வந்தது, பக்கத்து மேசையில் ஆள் மாறியது. வயிறு வாயே திறக்கவில்லை.

"அண்ணே," என்று கை தூக்கினாள். "கொஞ்சம் சாதம், இன்னொரு கிண்ணம் தயிர்."