எங்கள் தெருவுக்குப் பஸ் வந்த நாள்

எங்கள் ஊரை வரைந்துகொண்டு போக வந்தவர்கள் ஒரு கூட்டமா, இரண்டு கூட்டமா! குளத்தைப் பார்க்க வந்தார்கள், மரத்தை எண்ண வந்தார்கள். எல்லோருக்கும் மோர் கொடுத்துக் கொடுத்தே ஊர் சலித்துப் போயிற்று. நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. ஊர்க்காரர்களே கோலப்பொடியால் தரையில் ஊரை வரைய வேண்டும். பாறை, சுனை, கோவில், பழைய நடுகல் என்று காப்பாற்ற வேண்டியதையெல்லாம் அதில் காட்ட வேண்டும். மாடியிலிருந்து போட்டோ எடுத்து மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவோம் என்றார்கள்.

அம்மா அதை நம்பினாள். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பாறை இருந்தது. அதன் இடுக்கில் ஒரு சுனை. தோட்டத்துக் கிணறுகளே வற்றிக் கிடக்கும் சித்திரையிலும் எங்கள் குடங்கள் அங்கே நிறையும். அந்தப் பாறையைக் கல்குவாரிக்கு விடப்போகிறார்கள் என்று அப்போதே பேச்சு அடிபட்டது. படத்தில் ஏறிவிட்டால் எவனும் வெடி வைக்க முடியாது என்பது அம்மாவின் கணக்கு. வேலைக்குப் போகாமல், பாறையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாரியம்மன் கோவில் வாசலில் வரைய ஆரம்பித்தார்கள். முதலில் கோவில். சாமியைச் சின்னதாக வரைய எங்கள் ஊரில் யாருக்கு மனம் வரும்? மஞ்சளில் பிள்ளையார் பிடித்து வைத்து, சூடம் காட்டி, பாதி வாசலைக் கோவிலுக்கே கொடுத்துவிட்டார்கள். பிறகு அதைத் தாண்டக் கால் கூசியது. எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்து வரைந்தார்கள். தென்னந்தோப்புகள், வாய்க்கால், பெரிய வீடுகள் எல்லாம் வந்தன. எங்கள் தெருவின் முறை வந்தபோது வாசல் தீர்ந்து, தார்ரோடுதான் மிச்சம்.

"கோவிலைக் கொஞ்சம் சுருக்கிக்கலாமுங்களா?" என்று அம்மா கேட்டாள்.

அம்மா வேலைக்குப் போகும் தோட்டத்துக்காரர்தான் பதில் சொன்னார். "சாமியச் சுருக்கறதுங்களா அம்மணி? நீங்க ரோட்டு மேல போட்டுக்கங்க. எடம் தாராளமா இருக்குதுங்க."

மற்ற நாட்களில் அவருக்கு அம்மா வெறும் 'ஏ புள்ள'. அன்று வெளியூர்க்காரர்கள் நின்றிருந்தார்கள். ஒருவரை ஒதுக்குவதென்றாலும் எங்கள் பக்கம் 'ங்க' போட்டுத்தான் ஒதுக்குவார்கள்.

அம்மா ரோட்டில் குனிந்து தெருவை வரைந்தாள். சுனைக்கு நீலப்பொடி தூவி, கொண்டுவந்த கல்லைப் பாறைக்கு வைத்தாள். கையைத் துடைப்பதற்குள் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்துவிட்டது. கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு அம்மா ஒதுங்கினாள். எங்கள் தெருவின்மேல் முழு பஸ்ஸும் ஏறிப் போயிற்று.

டிரைவர் தலையை நீட்டி, "ஏனுங்க்கா, கோலத்த மிதிச்சுப்போட்டனுங்களா? தெரியலீங்க" என்றார். நல்ல மனிதர்.

நானோ கைதட்டிக் குதித்தேன். "அம்மா, நம்ம தெருவுக்கு பஸ் வந்துருச்சு!" பஸ் ஏற வெயிலில் ஒற்றையடிப்பாதையில் நடந்து சலித்த கால்களுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம். கூட்டமே சிரித்தது. பள்ளிக்கூட மாடியிலிருந்து கேமராக்காரர், "படம் நல்லா வந்துருக்குதுங்க" என்று கத்தினார். கோவிலை விளக்குமாற்றால் கூட்டக்கூடாது என்று வாசலில் இருந்த ஊரை மழை வரும்வரை அப்படியே விட்டார்கள். எங்கள் தெரு அன்று சாயங்காலத்துக்குள் டயரோடு டயராகப் பொள்ளாச்சிக்குப் போய்விட்டது.

திரும்பும் வழியில், "ஏம்மா நீ மட்டும் சிரிக்கல?" என்று கேட்டேன்.

"நட கண்ணு. காலு வலிக்குது."

கால்தான் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பாறை இருந்த இடம் இப்போது பெரும்பள்ளம். குவாரி லாரிகளுக்காகத் தெரு வழியே அகலமாக ரோடு போட்டார்கள். அதில் பஸ்ஸும் வருகிறது. கோயமுத்தூரிலிருந்து ஊருக்குப் போனால் வீட்டு முன்னாலேயே இறங்கிக்கொள்ளலாம். குடிக்கத் தண்ணீர் லாரியில் வருகிறது. அம்மா அதை டிரம்மில் பிடித்துவைத்து, மூடி காற்றில் பறக்காமலிருக்க அந்தக் கல்லை மேலே வைத்திருக்கிறாள்.

"பஸ்ஸுல உக்கார எடம் கெடச்சுதா கண்ணு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

கிடைத்தது என்பேன். தெருவுக்குப் பஸ் வருவதென்றால் எதன்மேல் ஏறி வரும் என்று அன்று கைதட்டியவளுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.