மிதிபடாத துண்டு

கம்பளத்தின் மாதிரித் துண்டைப் பின்புறமாக வளைத்து, இழைகளுக்கு நடுவே அடித்தளம் எவ்வளவு தெரிகிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறார். பிறகு கொண்டை ஊசியால் ஓர் இழையை மட்டும் நெம்பி இழுக்கிறார். கையோடு வந்துவிட்டால் துண்டு மேசையின் இடது பக்கம் போகும். வராவிட்டால் வலது பக்கம். வந்த இழையையும் விடுவதில்லை. நூலகத்துக்குள் நெருப்பு கூடாது என்பது விதி. ஆகவே பின்கட்டுக்குப் போய், கைகழுவும் தொட்டிக்கு மேல் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டி, மூக்கருகே கொண்டுபோகிறார். தரைக்கம்பளத்தில் பாதிக்குப் பாதி கம்பளி என்று சொன்ன விற்பனையாளர் பின்னாலேயே வந்து நிற்கிறார்.

"கம்பளின்னா முடி கருகின வாசம் வரணும். இது பிளாஸ்டிக் வாளி எரியிற வாசம். நீங்க சொன்ன கம்பளி எந்தப் பாதியில இருக்கு தம்பி?"

மூன்று மாடி நூலகத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர் இவர். வயது ஐம்பத்து நான்கு. இதே கட்டடத்தில் பத்தொன்பது ஆண்டுகள். ஊழியர்கள் வைத்திருக்கும் பெயர் 'கஸ்டம்ஸ் அக்கா'. வாசலுக்குள் வரும் எதுவும் இவர் கையைத் தாண்டாமல் உள்ளே போக முடியாது. பல்புப் பெட்டி வந்தால் ஒவ்வொரு பல்பையும் எரியவிட்டுப் பார்ப்பார். தரை கழுவும் திரவத்தின் டப்பாவைத் தராசில் வைப்பார். யாராவது "எல்லாரும் சொல்றாங்க" என்று ஆரம்பித்தால், "எல்லாரும்னா எத்தன பேரு?" என்பார். பதில் வரும்வரை காத்திருப்பார். ஒருநாள் மாலை இவரை அழைத்துப்போக வந்த மகள், தன் கணவரை மூன்று மாதம் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மா சரி என்றார் என்று, தினமும் படிக்க வரும் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "மூணு இல்ல, நாலு," என்றார்.

இவ்வளவு சந்தேகத்துக்கும் ஒரு தேதி உண்டு. ஏழு ஆண்டுகளுக்கு முன், அன்றைய இயக்குநர் ஒரு புத்தகத்தில் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்த கம்பளம் கீழ்த்தளத்தில் விரிக்கப்பட்டது. பத்து ஆண்டு உழைக்கும் என்றார்கள். மூன்றாம் ஆண்டிலேயே புத்தகம் கொடுக்கும் மேடைக்கு முன்னால் வழுக்கை விழுந்தது. ஒட்டு பிரிந்து எழும்பியது. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை ஒருவர் அதில் கால் தடுக்கி விழுந்தார். இடது மணிக்கட்டு முறிந்தது. கோப்பைத் திறந்து பார்த்தபோது, தேர்ந்தெடுத்தவர் பெயர் எங்கும் இல்லை. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டவர் அக்கா.

இப்போது புதுக் கம்பளம். இந்த முறையும் பிசகினால் பராமரிப்பு முழுவதையும் வெளி ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுவதாக இப்போதைய இயக்குநர் எழுத்தில் கொடுத்துவிட்டார். அப்படியானால் அக்காவுக்கும், அவருக்குக் கீழே உள்ள நான்கு துப்புரவுப் பெண்களுக்கும் வேலை இல்லை. தேர்வுக் குழுவில் மூன்று பேர்: இயக்குநர், அக்கா, வாசகர்கள் சார்பில் நான்.

படம் பார்த்து எதையும் வாங்குவதில்லை என்று அக்கா முதல் நாளே சொல்லிவிட்டார். வலது பக்கம் போன துண்டுகளில் மூன்றை வாசலுக்கும் மேடைக்கும் இடையே அருகருகே ஒட்டினார். இடது ஓரம் கரும்பழுப்பு, வலது ஓரம் நீலம், நடுவில் சந்தன நிறம். ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சால் தனக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளம் வைத்தார். வாசலில் ஆள் எண்ணும் கருவியின்படி நாளொன்றுக்குச் சராசரி 1,140 பேர். சோதனை இருபத்தெட்டு நாள்.

இருபத்தெட்டாம் நாள் பழுப்பு அழுக்கேறியிருந்தது. நீலம் படிந்து சப்பையாகிவிட்டது. சந்தன நிறம் மட்டும் ஒட்டிய அன்று இருந்தபடியே இருந்தது. அதைக் கொண்டுவந்த விற்பனையாளர் கையைக் கட்டிக்கொண்டு அடக்கமாக நின்றார். இயக்குநர் அன்றே முடித்துவிடலாம் என்றார். அக்கா இன்னும் சில வாரம் கேட்டார்.

முதலில், யாரோ துண்டை மாற்றிவிட்டார்கள் என்று சந்தேகப்பட்டார். பெயர்த்துப் பார்த்தால் நகப்பூச்சு அடையாளம் அப்படியே இருந்தது. அடுத்து, அந்த வாசலைப் பெருக்குகிற பெண்ணைச் சந்தேகப்பட்டார். நால்வரில் மூத்தவர், பதினோரு ஆண்டு உடன் வேலை செய்தவர். மற்ற மூவர் முன்னிலையிலேயே கேட்டுவிட்டார்.

"நடுத் துண்ட மட்டும் தனியாக் கவனிச்சியா? அந்தத் தம்பிகிட்ட ஏதாவது வாங்கினியா?"

மூத்தவர் துடைப்பத்தைத் தூக்கிக் காட்டி, "வாங்கியிருந்தா இதப் பிடிச்சுக்கிட்டு இன்னும் உங்க முன்னால நிப்பேனாக்கா?" என்றார். அதற்குப் பிறகு இரண்டு நாள் வேலை தவிர வேறு பேச்சு இல்லை.

மூன்றாம் நாள் காலை பத்து இருபதுக்கு அக்கா என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "ஐயா, மூஞ்சியப் பாக்காதீங்க. காலப் பாருங்க," என்றார்.

பார்த்தோம். ஈரச் செருப்போடு வந்தவர் ஒருவர் சந்தனத் துண்டைக் குனிந்து பார்த்துவிட்டுப் பழுப்புக்கு ஒதுங்கினார். ஒரு தாய் குழந்தையைத் தூக்கி, துண்டைத் தாண்டி அந்தப் பக்கம் வைத்தார். கைத்தடிப் பெரியவர் தடியைக்கூட அதில் ஊன்றவில்லை. ஒரு மணி நேரத்தில் 163 பேர் உள்ளே வந்தார்கள். சந்தனத் துண்டை மிதித்தவர்கள் பதினொரு பேர். யாரும் சொல்லாமலே அத்தனை பேரும் அதை அழுக்காக்கக் கூடாது என்று விலகிப் போயிருக்கிறார்கள், இருபத்தெட்டு நாளும்.

"பாவிங்க, மரியாத குடுத்திருக்காங்க ஐயா," என்றார் அக்கா.

வெளிர் நிறத்தை ஜனங்கள் மிதிக்கத் தயங்குவார்கள் என்று விற்பனையாளருக்கு முன்பே தெரியுமா? தெரியாது என்று அவர் சத்தியம் செய்தார். நடுவில் ஒட்டச் சொல்லி யோசனை சொன்னது அவர்தான் என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

இரு புறமும் பத்திரிகை அடுக்குகளை நகர்த்தி, சந்தனத் துண்டை மிதிக்காமல் யாரும் உள்ளே வர முடியாதபடி அக்கா வழியைக் குறுக்கினார். ஒன்பதாம் நாள் அதன் நடுவே சாம்பல் நிறத்தில் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது. அதே இடத்தில் பழுப்பையும் ஒன்பது நாள் போட்டார். தேநீரைக் கொட்டினார், நாற்காலியை இழுத்தார். கழுவிக் காயவைத்ததும் இழை நிமிர்ந்துகொண்டது. பார்க்க ரோடு மாதிரி இருக்கிறதே என்று இயக்குநர் முகம் சுளித்தார். "ரோட்டுலதான் சார் எல்லாரும் நடக்குறாங்க," என்றார் அக்கா. குழுவில் இரண்டுக்கு ஒன்று என்று பழுப்பு முடிவாயிற்று.

மூத்தவரிடம் அக்கா மன்னிப்பு எதுவும் கேட்டதாக எனக்குத் தகவல் இல்லை.

சரக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. சதுரத் துண்டுகளாக இருபத்தாறு பெட்டிகள். லாரி பின்வாசலில் நின்றது. அக்கா பேனா மூடியைக் கழற்றிவிட்டு, பெட்டிகளின் அருகே போகாமல், மூத்தவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மூத்தவர் ஒரு கணம் அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவசரமே இல்லாமல் தொடங்கினார். தண்ணீர் வாளி தூக்கிப் பழகிய கை. ஒவ்வொரு பெட்டியையும் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, நிறுத்தி, இறக்கிவைத்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. முடிவில் மூன்று பெட்டிகள் தனியாக நின்றன.

"இந்த மூணும் கையில லேசா இருக்குக்கா."

ஓட்டுநருக்குக் கோபம். எல்லாப் பெட்டியிலும் ஒரே முத்திரை, ஒரே எண், உள்ளே அதே இருபது துண்டு என்று வாதாடினார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்துக் கைப்பிடிப் பக்கமாக நீட்டினார். "நீங்களே ஒண்ணப் பிரிச்சுப் பாத்துடுங்கம்மா. ஒரு நிமிஷ வேல."

அக்கா கத்தியை வாங்கவில்லை. பெட்டிகளின் பக்கம் திரும்பவும் இல்லை. ரசீதில் இருபத்தாறை அடித்து இருபத்து மூன்று என்று எழுதினார். 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தில் கையெழுத்திட்டார். 'சரிபார்த்தவர்' என்ற கோடு காலியாக இருந்தது. ரசீதைத் தன் உள்ளங்கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, பேனாவை மூத்தவரிடம் நீட்டினார்.