முப்பத்தெட்டுக் கையெழுத்து

லா பிட்டாயாவுக்கு வந்து எலிஹியோ மொந்தெஸ் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். சாவிக்காரர் வீடு என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டும். ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. அதைத் தோளில் சார்த்திக்கொண்டு தெருத் தெருவாகப் போய் வால்வு திறந்து மூடுவதுதான் பத்தொன்பது வருஷமாக அவர் பிழைப்பு. மேட்டுத் தெருவுக்கு ஒரு நாள், மாதாகோயில் தெருவுக்கு ஒரு நாள், கல்லுடைப்பார் பக்கம் ஒரு நாள் என்று முறை வைத்து ஊருக்கே தண்ணீர் விட்டவர்.

இளவயதில் ஒருமுறை எல்லை தாண்டி வடக்கே போய், கோழி வெட்டும் ஆலையில் இரண்டு குளிர்காலம் விறைத்துவிட்டுத் திரும்பினார். "அங்க திருகினா தண்ணி வருது. கூப்பிட்டாத்தான் ஒருத்தனும் வரமாட்டேங்கறான்" என்பார். அதற்குமேல் அந்தக் கதையை எடுக்க மாட்டார். மகள் அங்கேயே தங்கிக் குடும்பமாகிவிட்டாள். பேரனை வீடியோவில்தான் பார்த்திருக்கிறார். மனைவி ஓத்தீலியாவுக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகி, கம்பூன்றி நடக்கிறாள். வாய்க்கு மட்டும் எந்தக் கம்பும் தேவையில்லை.

ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதத்தின் முதல் திங்கள் பொதுவேலை. குழாய்ப் பள்ளம் தோண்டவோ தொட்டி கழுவவோ சீமைக்கருவேல முள் வெட்டவோ, வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் பெயருக்கு நேரே வெறுமையாக இருந்தால் அந்த வீட்டு வால்வு ஒரு மாதம் மூடப்படும். மூட வேண்டியவர் எலிஹியோ. நோட்டு வைத்திருப்பவரும் அவரேதான்.

பக்கத்து வீட்டுக் குக்கா அக்காவின் புருஷன் டிரான்சிட்டோ செத்த வருஷம் அந்தக் கையெழுத்து விவகாரம் தொடங்கியது. நோட்டில் இருந்தது புருஷன் பெயர். அதை மாற்ற வேண்டுமானால் நகரத்துப் பதிவு அலுவலகத்துக்குப் பதினோரு காகிதம் வேண்டும். அதில் நாலு காகிதம் செத்தவரே நேரில் வந்து வாங்க வேண்டியவை. குக்கா அக்காவுக்கு அப்போது இடுப்பு ஒடிந்து கிடை. மூன்றாவது மாதம் எலிஹியோ நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றி, டிரான்சிட்டோவின் நடுங்குகிற எழுத்தைப் போலவே ஒரு கையெழுத்துப் போட்டார்.

ஒன்று போட்ட கை சும்மா இருக்குமா? புருஷன் வடக்கே போன வீடுகள், படுத்த படுக்கையான கிழவர்கள், செத்தும் நோட்டை விட்டுப் போகாதவர்கள் என்று எண்ணிக்கை முப்பத்தெட்டுக்கு ஏறியது. ஆளுக்கு ஒரு எழுத்து வைத்திருந்தார். ஒருவருக்குச் சாய்வு, ஒருவருக்குச் சுழி, படிக்காதவருக்கு ஒரு கோணல் பெருக்கல் குறி. ஊருக்கே இது தெரியும், ஒருவரும் மூச்சு விடவில்லை. தனக்கு ஒருநாள் அது தேவைப்படும் என்று எல்லோருக்குமே தெரியும்.

குன்றுக்கு அந்தப்பக்கம் ஜன்னலே இல்லாத வெள்ளைக் கொட்டகை எழும்பியது இதற்கு ரொம்பப் பின்னால். கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கும் இடமாம். உலகத்தார் போனில் எடுக்கிற படம், பேச்சு எல்லாம் அங்கே போய்த் தங்குமாம். அந்த இயந்திரங்கள் சூடாகும், அதை ஆற்றத் தண்ணீர் வேண்டும். கம்பெனிக்காரர்கள் ஒரு திங்கள் காலை மாதாகோயில் முற்றத்தில் சோளமாவுக் கொழுக்கட்டையும் சூடான கஞ்சியும் கொடுத்து, பெரிய திரையில் படம் காட்டினார்கள். படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேருக்குக் காவல்காரன் வேலை என்றும் சொன்னார்கள்.

ஊர்த் தலைவர் நபோர் வழக்கம்போலத் தாளை எலிஹியோவிடம் நீட்டினார். "வந்தவங்க போட்டுட்டாங்க பங்காளி. மிச்சத்த நீ பாத்துக்க."

முதல் திங்கள். தாள். கையெழுத்து. எலிஹியோவுக்கு வேறென்ன தோன்றும்? இன்று பொதுவேலைக்குப் பதில் கூட்டம், அவ்வளவுதான் என்று நினைத்தார். பாவம், மூன்று தடவை தவறி யாருக்கும் தண்ணீர் நின்றுவிடக் கூடாதே என்று கொழுக்கட்டை தின்ற கையைத் துடைத்துக்கொண்டு முப்பத்தெட்டையும் வரிசையாகப் போட்டு முடித்தார். நபோரும் தாளை அப்படியே கம்பெனிக்காரனிடம் கொடுத்தார்.

அந்தத் தாளின் தலையில் வேறொரு தாள் வந்து ஒட்டிக்கொண்டது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாம் எண் கிணற்றைக் கம்பெனிக்குக் கொடுக்க ஊர்க்கூட்டம் சம்மதிக்கிறது என்று அதில் இருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்படும் என்பார்கள். இங்கே வெட்டிய கிணற்றையே பூதம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மூன்று நாளைக்கு ஒருமுறை இருந்த முறை ஐந்தாயிற்று, பிறகு ஒன்பதாயிற்று. வால்வைத் திறந்தால் குழாய் இருமியது. எலிஹியோவை எதிரே பார்த்த பெண்கள் வெறும் குடத்தைத் திருப்பிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

குக்கா அக்கா அவரை வழிமறித்துக் கேட்டாள்: "ஏன் தம்பி, நான் தினம் காலையில ரோஜாப்பூ படம் போட்டு நல்ல நாளா இருக்கட்டும்னு நாப்பது பேருக்கு அனுப்பறேனே, அதுவுமா அந்தக் கொட்டகையில தண்ணி குடிக்குது?"

"அந்த மாதிரி கொட்டகையிலதானாம் அக்கா."

"அடப்பாவி! என் ரோஜாவுக்குத் தினம் தண்ணி, எனக்கு ஒம்பது நாளைக்கு ஒருக்காவா?"

ஊர் வழக்குப் போட்டது. வக்கீல் யூரிதியா நகரத்திலிருந்து பழைய கார் ஒன்றில் வருகிற சின்னப் பெண். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். பள்ளிக்கூடத்து பெஞ்சில் தாள்களைப் பரப்பி வைத்துச் சொன்னாள்: "ஊர்ல இருநூத்திப் பன்னெண்டு வீடு. சம்மதம் செல்லணும்னா நூத்தி நாப்பத்திரண்டு கையெழுத்து வேணும். தாள்ல நூத்தி அம்பத்தேழு இருக்கு. அதுல ஒம்பது பேர் செத்தவங்க. சாவுச் சான்றிதழ் எடுத்துட்டேன்."

"அப்ப ஜெயிச்சாச்சு!" என்றார் நபோர்.

"எங்கேங்க ஜெயிக்கிறது? ஒம்பதைக் கழிச்சாலும் நூத்தி நாப்பத்தெட்டு நிக்குது. இன்னும் ஏழாவது பொய்னு காட்டணும். ஊர்ல இல்லாதவங்க பேரெல்லாம் இருக்குன்னு சொல்றீங்க. யாரு போட்டது?"

கூடியிருந்த ஊரே திடீரென்று கூரையைப் பார்த்தது. எலிஹியோ தன் செருப்பைப் பார்த்தார்.

நபோர் தொண்டையைச் செருமினார். "கம்பெனிக்காரன்தான் போட்டிருப்பான். சத்தியம் பண்ணச் சொன்னா ஊரே பண்ணும்."

"அவங்க கையெழுத்து நிபுணரைக் கூட்டிட்டு வருவாங்க. உங்க சத்தியம் பொய்னு தெரிஞ்சா வழக்கு அன்னிக்கே செத்துடும். கிணறு போச்சுன்னு எழுதி வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு யூரிதியா பையை மூடினாள்.

வெளியே வந்ததும் நபோர் எலிஹியோவின் தோளைப் பிடித்தார். "வாயத் திறந்துடாத பங்காளி. கள்ளக் கையெழுத்துக்கு ஜெயிலு. சாவியும் போயிடும். ஊரு உன்னக் காட்டிக் குடுக்காது."

"ஊரு காட்டிக் குடுக்காது, சரி. தண்ணியக் குடுக்குமா?"

நபோர் தோளிலிருந்த கையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டில் ஓத்தீலியா போனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பேரனின் புது வீடியோ வந்திருந்தது. இடமில்லை, எதையாவது அழி என்றது போன். அழிக்க மாட்டேன் என்றாள் அவள்.

எலிஹியோ நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ போட்டதுன்னு எனக்குத் தெரியாதா கிழவா? டிரான்சிட்டோவுக்குப் போட்டுப் பழக என் ரொட்டிக் கணக்கு நோட்டத்தானே கிழிச்ச!"

"உள்ள போட்டுட்டா நீ தனியா என்ன பண்ணுவ?"

ஓத்தீலியா போனைக் கீழே வைத்தாள். அவளுக்கு அது பெரிய காரியம். "பயமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா ஒம்பதாம் நாளு நீ அந்தச் சாவியத் தோள்ல போட்டுக்கிட்டுத் திருடன் மாதிரி சந்து வழியாப் போறியே, அதப் பாக்கறதுக்கு எனக்கு இதுவே தேவல. போய்ச் சொல்லிட்டு வா."

விசாரணையன்று எலிஹியோ வெளுத்த சட்டையும் கல்யாணத்துக்கு வாங்கிய தொப்பியுமாகப் போனார். தொப்பியை உள்ளே கழற்றச் சொன்னார்கள். முப்பத்தெட்டும் தன் கை என்று அவர் சொன்னதும் கம்பெனி வக்கீல் எழுந்து சிரித்தார்.

"பல வருஷமா ஊர் நோட்டுல பொய் எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. இப்ப சொல்றத மட்டும் எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம் ஐயா. ஒரு தாள் குடுங்க."

நீதிபதி அம்மாள் கொடுக்கச் சொன்னார். எலிஹியோ மேஜைமேல் குனிந்து எழுத ஆரம்பித்தார். அசலைப் பார்க்கவில்லை. நோட்டில் இருக்கிற வரிசைப்படி, சாய்வு, சுழி, பெருக்கல் குறி என்று வந்துகொண்டே இருந்தது. டிரான்சிட்டோவின் பெயர் வந்தபோது பேனாவை இடது கைக்கு மாற்றினார். நிபுணர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். இருபது நிமிஷம் அந்த அறையில் பேனாச் சத்தம் மட்டும் கேட்டது. முடித்து இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது எந்தக் கையெழுத்து அன்று போட்டது, எது இப்போது போட்டது என்று குமாஸ்தா குழம்பிப் போனார்.

"எதுக்காக இதையெல்லாம் செஞ்சீங்க?" என்று நீதிபதி கேட்டார்.

"தண்ணிக்குத்தாம்மா."

"இவங்க யாரும் கிணத்தக் குடுக்கச் சம்மதிக்கலையா?"

"இவங்க யாரும் அன்னிக்குக் கொழுக்கட்டை திங்கவே வரலம்மா."

அந்தச் சம்மதம் செல்லாது என்று தீர்ப்பானது. ஊர் கூடிப் புதிதாக முடிவெடுக்கும்வரை இரண்டாம் எண் கிணறு ஊருக்கே என்றும் எழுதினார்கள். கம்பெனி மேல் முறையீடு செய்திருக்கிறது, அது பாட்டுக்கு நடக்கும். கொட்டகை வேறெங்கிருந்தோ தண்ணீர் எடுத்துக்கொண்டு இன்னமும் முனகிக்கொண்டிருக்கிறது. கிணறு முழுங்குவதைக் குற்றம் என்று சொல்லச் சட்டத்தில் இடம் தேடினார்கள், கிடைக்கவில்லை. கள்ளக் கையெழுத்துக்கு மட்டும் இடம் தயாராக இருந்தது. எலிஹியோ ஒருவர் பெயரில்தான் குற்றப்பத்திரிகை எழுதப்பட்டது.

ஜெயில் இல்லை, அந்த மட்டும் புண்ணியம். இரண்டு வருஷத்துக்கு மாதத்தின் முதல் திங்கள் நகரத்து அலுவலகத்துக்குப் போய்த் தன் சொந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். போகவர ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். சாவியையும் நோட்டையும் ஊர்க்கூட்டத்தில் திருப்பிக் கொடுத்தார். வாங்கிக்கொள்ள ஆம்பிளைகள் யாரும் முன்வரவில்லை. இனி ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதினால் அது நேரே கோர்ட்டில் போய் நிற்கும் என்று எல்லோருக்கும் கிலி. கடைசியில் குக்கா அக்கா எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். இடுப்பு தேறி, பெயர் மாற்றி, அந்த மாதத்திலிருந்து அவளே மண்வெட்டியோடு வேலைக்கும் வந்தாள்.

முதல் திங்கள் எலிஹியோ நகரத்தில் கையெழுத்துப் போட்டார். இங்கே நோட்டில் அவர் பெயருக்கு நேரே வெறுமை. ஓத்தீலியா கம்பூன்றிப் போய் நின்றாள். மண்வெட்டி பிடிக்க முடிந்தவர்தான் கணக்கு என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதமும்.

செவ்வாய்க்கிழமை காலை குக்கா அக்கா சாவியைத் தோளில் சார்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"தம்பி, மூணாயிடுச்சு."

"தெரியும் அக்கா. வலது பக்கம் திருகுங்க. கொஞ்சம் இறுக்கமா இருக்கும்."

"எனக்குப் பேனா பிடிக்கத் தெரியாதா? ஒரு கிறுக்கு கிறுக்கினா முடிஞ்சுது. ஆனா நீ கோர்ட்டுல நின்னு சொன்னதெல்லாம் வீணாப் போயிடுமே!"

"மூடுங்க அக்கா."

அவள் சாவியை இறக்கி, இரண்டு கையாலும் திருகி மூடினாள். நோட்டில் தேதி போட்டுத் தன் பெயரை எழுதினாள். பக்கத்திலிருந்த தன் வீட்டுக்குள் போனாள்.

ஓத்தீலியா வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "ஊருக்கெல்லாம் முப்பத்தெட்டு கையெழுத்துப் போட்ட. உனக்கு ஒண்ணு போட ஆளில்ல பாத்தியா?" என்றாள்.  இந்த மூன்று மாதத்தில் எலிஹியோவுக்கு வலித்தது அப்போதுதான்.

மதில்மேல் ஏதோ பச்சையாக வந்து விழுந்தது. ரப்பர் குழாய். அந்தப்பக்கத்திலிருந்து குக்கா அக்காவின் குரல் வந்தது: "என் தண்ணி, என் குழாய்! என் வீட்டுத் தண்ணிய நான் எங்க ஊத்தணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல! தொட்டிக்குள்ள விடு தம்பி, வேடிக்கை பாக்காத!"

எலிஹியோ குழாயின் நுனியைத் தொட்டிக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டார். முதலில் காற்று வந்தது, பிறகு தண்ணீர். ஓத்தீலியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை எடுத்து, தொட்டியையும் குழாயையும் புருஷனையும் சேர்த்து மகளுக்கு அனுப்பப் படம் எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்துக்கொண்டே போனாள். குன்றுக்கு அந்தப்பக்கம் கொட்டகை முனகிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு போதும்டி" என்றார் எலிஹியோ.