தண்ணீருக்கு நாலு பலூன்

நண்டு பிடிக்கும் போட்டியில் குப்பத்துப் பையன்களை ஜெயித்தாள். பிளஸ் டூ வேதியியலில் தேற மாட்டாள் என்று பந்தயம் கட்டிய சித்தப்பாவை ஜெயித்து, அவர் மீசையை எடுக்க வைத்தாள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையை டீயில் உப்புப் போட்டே ஜெயித்தாள். பானுமதி கடைசியாக ஜெயித்தது ராஜகோபாலன் சாரை.

செங்கல்பட்டில் எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வு. தண்ணீர் மூலக்கூறின் வடிவத்தைக் குவாண்டம் முறையில் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, பாடப்புத்தகத்து நான்முகி வடிவத்தோடு ஒப்பிட்டிருந்தாள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ராஜகோபாலன், இதே மாதிரி ஆய்வேடு எழுதிய ஒருவனை அன்று காலையில் திருப்பி அனுப்பியிருந்தார். இவளையும் அனுப்பினால் ஒரு வருடம் போச்சு.

அந்த வடிவத்தைச் செய்து காட்டப் பலூன் கொண்டுவந்தவள் அக்கா ஆதியம்மாள். மாமல்லபுரம் கடற்கரையில் பலூன் சுடும் கடை வைத்திருக்கிறாள். இரண்டு பெரிது, இரண்டு சிறிது என்று தங்கை சொல்லியிருந்தும், கடைப் பழக்கத்தில் நாலையும் ஒரே அளவாக ஊதி, ஒரே முடிச்சில் கட்டிவிட்டாள்.

சார் கோணமானி வைத்துப் பார்த்தார்.

"நூத்தி ஒம்பதரை டிகிரி கிட்ட வருது. புத்தகத்து நான்முகியும் அதுதான். அப்புறம் கம்ப்யூட்டர் எதுக்கும்மா?"

வாசலில் நின்ற ஆதியம்மாள் தங்கை பக்கத்தில் வந்துவிட்டாள்.

"இன்னாக்கா, அழகா ஊதி என்னைக் கவுத்துட்டியே!" என்று கிசுகிசுத்த பானுமதி, சாரிடம் திரும்பினாள். "இது எங்கக்கா ஊதின தண்ணி சார். நிஜத் தண்ணி இவ்ளோ நேர்த்தியா இருக்காது. அக்கா, ரெண்டு குண்டா ஊது!"

ஆதியம்மாள் கன்னம் புடைக்க ஊதினாள். பழையதில் இரண்டை அவிழ்த்து, குண்டை மாட்டினார்கள். மீதி இரண்டும் நெருங்கிக்கொண்டன.

"முடிச்சு ஆக்சிஜன். ஒல்லி ரெண்டு நுனியிலயும் ஹைட்ரஜன். குண்டு ரெண்டும் தனிக்கட்டை எலக்ட்ரான் ஜோடி. அதுங்களுக்கு இடம் ஜாஸ்தி வேணும் சார்."

"எவ்வளவு நெருங்கும்?"

"அதைப் பலூன் சொல்லாது. கணக்குதான் சொல்லும். நூத்தி நாலரை."

"சரி, எலக்ட்ரான் இந்தப் பலூனுக்குள்ளயா இருக்கு?"

பானுமதி தாவணி ஊக்கைக் கழற்றி ஒரு பலூனைக் குத்தினாள். டப்பென்ற சத்தத்தில் சாரின் கண்ணாடி மடியில் விழுந்தது.

"பலூனுக்குத் தோல் கீது சார், எலக்ட்ரானுக்குக் கிடையாது. இங்க இருக்க வாய்ப்பு அதிகம்னுதான் சொல்ல முடியும்."

"வாய்ல சொன்னா நம்ப மாட்டேனா?" என்றார் சார், கண்ணாடியைத் தேடிக்கொண்டே. பிறகு சிரித்து, தேர்ச்சி என்று எழுதினார். மிஞ்சிய பலூன் ஒன்றைப் பேத்திக்காகக் கேட்டார். பானுமதி அதில் கையெழுத்துப் போட்டே கொடுத்தாள்.

பலூனில் அவளுக்கு அது புதிதல்ல. ஆறு வயதில் கடையின் சிவப்புப் பலூனில் 'பானு' என்று எழுதி, அதை மட்டும் யாரும் சுட்டுவிடாதபடி கம்பத்துக்குப் பின்னால் மாட்டினாள். அதுதான் அவளுடைய முதல் கையெழுத்து. அன்று காணும் பொங்கல். 2008 ஜனவரி 17.