அம்மா எப்படி உட்காருவாங்க?

டாக்டர் கேட்டது ரொம்பச் சாதாரணமான கேள்வி. "அம்மா பொதுவா எப்படி உட்காருவாங்க? சேர்லயா, தரையிலயா?" நான் யோசிக்கவே இல்லை. "சேர்லதான் டாக்டர். வீட்ல சும்மாதான் இருக்காங்க" என்றேன்.

பச்சைப் பொய். கடலோர ஊரூர் குப்பத்தில் நாற்பது வருஷமாகப் பலகைமேல் குந்தி, அரிவாள்மணையைக் காலால் அழுத்திப் பிடித்து மீன் வெட்டுகிறவர் என் அம்மா. அந்த மீன்தான் என்னைக் கல்லூரிவரை அனுப்பியது. ஆனால் கல்யாணமாகி மேற்கு மாம்பலத்துக்கு வந்து, தி. நகரில் ஆபீஸ் வேலையிலும் சேர்ந்த பிறகு, யார் விசாரித்தாலும் "அம்மா வீட்ல இருக்காங்க" என்று சொல்லிச் சொல்லியே எனக்குப் பழகிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் அதுவே வாயில் வந்தது.

முந்தின நாள் காலை தன் மீன் கடை வாசல் ஈரத்தில் அம்மா வழுக்கி விழுந்திருந்தார். இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் கழுத்து உடைந்திருந்தது. டாக்டருக்குச் சின்ன வயசு, நல்ல பொறுமை. ஒரு தாளில் படம் போட்டே விளக்கினார். இரண்டு வழி இருந்தது. ஒன்று, உடைந்த இடத்தில் மூன்று ஸ்க்ரூ போட்டுச் சேர்ப்பது. எலும்பு சொந்த எலும்பாகவே இருக்கும், நன்றாகக் கூடிவிட்டால் பிற்பாடு தரையில்கூட உட்காரலாம். ஆனால் பல வாரம் காலை ஊன்ற முடியாது. எழுபத்திரண்டு வயசில் எலும்பு கூடாமலே போய், மறுபடி ஆபரேஷன் என்றும் ஆகலாம். இன்னொன்று, உடைந்த தலைப் பகுதியை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பது. மறுநாளே எழுந்து நிற்கலாம். ஆனால் இனிமேல் குந்தக் கூடாது, பந்து நழுவிவிடும்.

"சேர்ல உட்கார்றவங்கதானே, பந்தே வச்சிடலாம்" என்று பேனாவை மூடினார்.

கட்டிலிலிருந்து அம்மா பேசினார். "டாக்டரு, அவ சொன்னது தப்பு. நான் குந்திக்கினு மீன் வெட்றவ."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தார்.

"பக்கத்து பெட்டு அம்மாவுக்குக் கம்பி வெச்சீங்களே, எனக்கும் அதயே வையேன்" என்றார் அம்மா.

"அவங்களுக்கு இன்னும் கீழ உடைஞ்சிருந்தது. அங்க கம்பி நல்லாப் பிடிக்கும். உங்களுக்கு உடைஞ்ச இடம் வேறம்மா."

"ஸ்க்ரூ போட்டு நிக்கலன்னா மறுபடியும் அறுப்பியா?"

"அப்படியும் ஆகலாம். உங்க எலும்பு மெலிஞ்சிருக்கு."

குந்த முடியாவிட்டால் அரிவாள்மணை இல்லை, அது இல்லாவிட்டால் கடை இல்லை. கடை இல்லாத அம்மாவை எனக்கு நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

"பந்தே வை" என்றார் கடைசியில். "எழுந்து நின்னா போதும். உக்கார்ற வழிய நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் அவருக்குக் கஞ்சி ஊட்டும்போது, "எம்மேல கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"கோவம் இன்னாத்துக்கு? வூட்ல சும்மா கீற அம்மான்னு சொன்னியே, அவ யாருன்னு ஒரு தபா பாக்கணும். அவ்ளோதான்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். "ஆறிடப் போவுது, ஊட்டு" என்றார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே அம்மா வாக்கரைப் பிடித்து நின்றார். நடக்கப் பழக்க வந்த பெண்ணை, மெதுவாக நடத்துகிறாள் என்று திட்டவும் செய்தார். எனக்கு உயிர் வந்தது.

உட்காரும் வழியை அவர் சொன்னார், நான் செய்தேன். எங்கள் தெரு ஆசாரியிடம் சொல்லி இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை அடித்தோம். காலால் அழுத்த முடியாது என்பதால் அரிவாள்மணையை அதன்மேல் வைத்து முடுக்கினோம். "எனக்குப் போடாத ஸ்க்ரூவ இதுக்குப் போட்டாச்சு" என்றார் அம்மா. அதற்கேற்ற உயரத்தில் ஒரு ஸ்டூல். முதல் வாரம் கைக்கு உயரம் பிடிபடாமல் துண்டுகள் கோணலாக விழுந்தன. வாடிக்கைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள், வாங்காமல் போகவில்லை. பிறகு பழைய வேகம் வந்துவிட்டது. சனிக்கிழமைகளில் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

செக்கப்புக்குப் போனபோது டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். "இப்போ எப்படி உட்கார்றாங்க?"

இந்த முறை அம்மா என்னைத்தான் பார்த்தார்.

"மீன் கடையில, உயரமான ஸ்டூல்ல டாக்டர்" என்றேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. "அம்மா மீன் வெட்டுவாங்க. சனிக்கிழமை நானும் கூட இருப்பேன்."

"அவளுக்கு வெட்டத் தெரியாது டாக்டரு" என்றார் அம்மா. "கவர்ல போட்டுக் குடுப்பா."