சிப்பின் தலையில் பபிள்கம்

டிவி மெக்கானிக்குக் கடைத்தெருவில் ‘கையுறை’ என்று பெயர். அடுத்தவர் குடித்த டம்ளரைப் பார்த்தாலே முகம் கோணுகிற அந்த மனிதர், பிழைப்புக்கென்று பிடித்துக்கொண்டது ஊரார் வீட்டு அழுக்கைத் திறந்து பார்க்கிற தொழிலை.

அக்கா வீட்டுக்காரர், “சும்மா தூசி தட்டிக் குடு” என்று வைத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டரைத் திறந்ததும் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். டிவியில் மாட்டி, டேப் ரெக்கார்டரிலிருந்து புரோகிராம் ஏற்றும் எட்டு பிட் காலத்துப் பெட்டி. கீபோர்டுக்கு அடியில் கரப்பான் முட்டை, நகத்துண்டு, என்றோ கொட்டிப் பாகாய் இறுகிப்போன காப்பி. போதாததற்கு, மெயின் சிப்பின் தலையில் பல் பதிந்த பபிள்கம் ஒன்று கறுத்துக் கிடந்தது.

“மனுஷன் வெச்சிருந்த சாமானா இது? எலி குடும்பம் நடத்தியிருக்கு.”

இடுக்கியால் பிய்த்துக் குப்பையில் போட்டார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். பெட்டி பளபளத்தது. ஆன் செய்தால் திரையில் வெறும் கோடுகள்.

சாயங்காலம் அத்தான் வந்தார். பழைய கம்ப்யூட்டர் பிரியர்களின் கூட்டத்தில், வாலிபத்தில் தானே எழுதிய பாம்பு விளையாட்டை அன்று அவர் ஓட்டிக் காட்ட வேண்டும். ‘கேம் எழுதினாராம், அளக்கிறார்’ என்று அங்கே ஏற்கெனவே சிரிப்பு.

“தூசி தட்டச் சொன்னா தோலையே உரிச்சிருக்கியே மாப்ள. பபிள்கம் எங்க?”

“குப்பையில. கூச்சமா இல்லையா அத்தான்?”

“சூடு ஏறினா சிப் சாக்கெட்ட விட்டு எழும்பும். மூடி அதை அழுத்தணும்னு நான்தான் ஒட்டினேன்.”

கையுறை ஒரு அட்டைத்துண்டை மடித்துச் சிப்பின் மேல் வைத்தார், நழுவியது. ரப்பர் வைத்தார், மூடி மூடவில்லை. அத்தான் பையிலிருந்து புது பபிள்கத்தை எடுத்து நீட்டினார்.

“நீங்களே மெல்லுங்க.”

“பல்செட்ல ஒட்டிக்கும். நீ மெல்லு.”

அத்தான் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. கோடு விழுந்த திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கையுறையால் அதைத்தான் தாங்க முடியவில்லை. மென்றார். கண்ணை மூடிக்கொண்டு, விஷம் போல மென்றார். இடுக்கியால் எடுத்துச் சிப்பின் மேல் அப்பி மூடினார். டேப் கிரீச்சிட்டது. திரை வெளுத்து, பாம்பு ஒன்று சோம்பலாக நெளிந்தது.

“உன் எச்சில் ராசியான எச்சில் மாப்ள.”

அத்தான் பெட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனார். கையுறை வெகுநேரம் வாய் கொப்பளித்தார். என்றைக்காவது அதைத் திறக்கப்போகும் மெக்கானிக் தன் பல்தடத்தைப் பார்த்து என்னவெல்லாம் திட்டுவான் என்று நினைத்துப் பார்த்தார். நியாயம் அவன் பக்கம்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.