மூன்று எண்ணும் ஒரே கட்டாக

கேட் அறையில் நான்கு பேர் இருந்தோம். மேனேஜர், தூத்துக்குடிக்காரர். கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்த மேடம். எர்ணாவூர் டிரைவர். கேட்டில் நம்பர் பதிகிற நான்.

திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு. கன்டெய்னரைப் பெட்டி என்போம். ஹார்பரிலிருந்து பெட்டி உள்ளே வரும்போது மூன்று எண்களைப் பதிய வேண்டும். லாரி நம்பர், பெட்டி நம்பர், கதவில் தொங்கும் சீல் நம்பர். வெளியே போகும்போது சீல் அதேதானா என்று பார்ப்போம். மாறியிருந்தால் யாரோ உடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

அன்று மதியம் டிரைவர் எடுத்துப்போக வந்த பெட்டியில் சீல் மாறியிருந்தது. கதவில் ஒன்று, திரையில் வேறொன்று. பெட்டியை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றிருந்தான்; அப்போது உடைத்திருப்பான் என்று மேனேஜருக்குச் சந்தேகம். மேனேஜர் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஃபோனை எடுத்தார்.

"யாருகிட்ட கத விடுதே? ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

"தொட்டுக்கூட பாக்கல சார்." டிரைவர் என் பக்கம் திரும்பினான். "நைனா, நீ சொல்லேன். நான் அப்டியாப்பட்ட ஆளா?"

கேஸ் என்று வந்தால் ஹார்பருக்குள் நுழைய அவனுக்குள்ள பாஸ் போய்விடும். பாஸ் போனால் எந்த முதலாளியும் வண்டி தரமாட்டான்.

திரையைப் பார்த்தேன். இவன் கதவில் இருந்த சீல் நம்பர் ஒரு வரி மேலே, வேறு பெட்டிக்கு நேரே இருந்தது.

"மேடம், மேல பாருங்க. இவன் சீலு அங்க கீது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நேற்று காலை வந்த ஒரு பெட்டியில் சீல் மேல் தார் அப்பியிருந்தது. எண் தெரியவில்லை. பிறகு துடைத்துப் பதியலாம் என்று, சீல் கேட்கிற இடத்தில் ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன், நோட்டு இருந்த நாளில் இப்படித்தான் இடம் விட்டு எழுதுவேன். துடைக்க மறந்துவிட்டேன். அதற்குப் பின் வந்த பெட்டிகளில் முதலில் வெளியே போவது இவனுடையது.

"நான்தான் சார். ஒரு சீல பதியாம வுட்டுட்டேன்."

மேனேஜர் ஃபோனைக் கீழே வைக்கவில்லை.

மேடம் நெற்றியைத் தேய்த்தார். "தப்பு என்மேலயும் இருக்கு. கேட்டுன்னு ஒரு கிளாஸ், புரோகிராம்ல ஒரு தனிப் பகுதி, எழுதி, அதுக்குள்ள லாரிக்கு ஒரு லிஸ்ட், பெட்டிக்கு ஒண்ணு, சீலுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வெச்சிட்டேன். ஒண்ணும் அடிக்கலன்னா லிஸ்ட்ல சேராது. சீல் லிஸ்ட்ல மட்டும் ஒண்ணு குறைஞ்சு, பின்னாடி வந்ததெல்லாம் ஒரு படி மேல ஏறிடுச்சு."

"நோட்டுல ஒரு பெட்டிக்கு ஒரு வரி மேடம். மூணும் ஒண்ணா கெடக்கும். ஒண்ணு இல்லாங்காட்டி அந்த எடம் காலியா நிக்கும். அடுத்தவன்து வந்து குந்தாது."

"அப்படித்தான் செஞ்சிருக்கணும். டியூப்பிள்னு பேரு. மூணையும் ஒரு அடைப்புக்குள்ள ஒரே கட்டா கட்டி, அந்தக் கட்டைத்தான் லிஸ்ட்ல சேக்கணும். கட்டினப்புறம் ஒண்ண மட்டும் உருவ முடியாது, மாத்தவும் முடியாது."

"அய்ய, அத்த அப்பால கட்டுங்க மேடம்," என்றான் டிரைவர். "மொதல்ல என்ன அவுத்து வுடுங்க."

யாரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் என்னைப் பார்த்துச் சொன்னார். "நீ சொல்லுதது நெசம்னா, அந்தத் தார் பெட்டியிலேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாம் ஒண்ணு தள்ளி இருக்கணும். போய்ப் பாரு. ஒண்ணு பொருந்தலன்னாலும் நான் ஃபோன் போடுவேன்."

மேடம் பட்டியலைத் தாளில் எடுத்துக்கொண்டார். டிரைவரை வாசலில் உட்கார வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

தார் பெட்டியில் தொடங்கினோம். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அந்த எண் தாளில் எங்கேயும் இல்லை. அடுத்த பெட்டியின் எண் ஒரு வரி மேலே இருந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. நான் படிப்பேன், மேடம் மேல் வரியைப் பார்த்து "சரி" என்பார். மேல் அடுக்குக்கு ஏணி போட்டு ஏறினேன். மேனேஜர் கூடவே வந்தார்.

பாதியில் ஒரு பெட்டிக்கு மேடம் "சரி" சொல்லவில்லை.

"திரும்பப் படிங்க."

படித்தேன். பொருந்தவில்லை. மேனேஜர் அறைப் பக்கம் திரும்பி நடந்தார். மேடம் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு ஏணியில் ஏறினார். துப்பட்டாவால் துருவைத் தேய்த்தார். நான் மூன்று என்று படித்தது எட்டு.

"சார், நில்லுங்க. இதுவும் சரி."

நின்றார். மீதியையும் பார்த்து முடித்தோம். எல்லாம் ஒன்று தள்ளியே இருந்தன. மேனேஜர் வாசலுக்குப் போய்ச் சாவியை டிரைவரிடம் நீட்டினார். அவன் அதை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறினான்.

பார்த்த பெட்டிகள் ஐம்பத்தெட்டு.